ஏட்டில் ஏறாத குடிகள்: பாலாற்றங்கரை இருளரும் முடிவடையாத காலனிய எதிர்ப்பும்

வாலாஜாபாத்திலிருந்து தென்னேரிப் பக்கம் போகும்போது ஏரிக்கரை ஓரமாகப் பத்துப் பன்னிரண்டு கொட்டாய்கள் தென்படும். தார்ப்பாய், பனையோலை, யாரோ கழற்றிப் போட்ட விளம்பரப் பதாகை, இவைதான் கூரை. மழை விட்ட ஒரு நாளில் அங்கே போயிருந்தேன். ஒரு அம்மா உள்ளே போய் ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்துவந்தார். நனையாமல் இருக்க அதை இன்னொரு கவருக்குள் போட்டு, வாயைச் சணல் கயிற்றால் கட்டி வைத்திருந்தார். ஆதார் அட்டை, வாக்காளர் அட்டை, ரேஷன் அட்டை, அவற்றுக்குக் கீழே கட்டுக் கட்டாக மனு ரசீதுகள். பல ஆண்டுகளாகக் கொடுத்துவந்த மனுக்கள். கேட்டவை இரண்டே இரண்டு: பிள்ளைகளுக்குச் சாதிச் சான்று, குடியிருக்கும் இடத்துக்குப் பட்டா. மனு நகல் ஒன்றில் முகவரி கேட்ட இடத்தில் யாரோ எழுதிக் கொடுத்திருந்தார்கள்: ‘ஏரிக்கரை’. கதவு எண் இல்லை, தெரு இல்லை, சர்வே எண் இல்லை.

பழங்குடி அரசியல் என்றதும் நம் நினைவு ஜார்க்கண்டுக்கும் பஸ்தருக்கும் நீலகிரிக்கும் ஓடுகிறது. மலை, காடு, வில், அம்பு என்று ஒரு சித்திரம் பள்ளிப் பாடத்திலேயே பதிந்துவிட்டது. சென்னையிலிருந்து இரண்டு மணி நேரத் தொலைவில், நெல் வயலுக்கும் தொழிற்பேட்டைக்கும் நடுவே, ஏரிக்கரையில் வாழும் இருளரை அந்தச் சித்திரத்துக்குள் யாரும் வைப்பதில்லை. 2011 மக்கள்தொகைக் கணக்குப்படி தமிழ்நாட்டில் பழங்குடியினர் 7,94,697 பேர். அவர்களில் இருளர் 1,89,661 பேர். மலையாளிப் பழங்குடியினருக்கு அடுத்தபடியாக அவர்களே பெரிய குழு. இவர்களில் கணிசமானோர் காஞ்சிபுரம், செங்கல்பட்டு, திருவள்ளூர், விழுப்புரம் போன்ற வட மாவட்டச் சமவெளிகளில் வாழ்கிறார்கள். தோடர், கோத்தர், குறும்பர், பணியர், காட்டுநாயக்கர் ஆகியோருடன் சேர்த்து, மிக நலிந்த ஆறு பழங்குடிகளில் ஒன்றாக அரசே இவர்களை வகைப்படுத்தியிருக்கிறது.

இந்த மண்ணில் நிலம் யாருடையது என்று எழுதப்பட்ட ஒவ்வொரு ஏடும் காட்டை நம்பி வாழ்ந்த குடிகளை வெளியே நிறுத்திவிட்டுத்தான் எழுதப்பட்டது என்பதே இக்கட்டுரையின் வாதம். அந்த ஏடுகளில் மிகக் கனமானவற்றைக் காலனிய அரசு எழுதியது. அவை இன்னும் நடைமுறையில் இருக்கின்றன. ஆகவே இங்கே காலனிய எதிர்ப்பு 1947இல் முடிந்துபோன கதை இல்லை. நிலப் பதிவேட்டைத் திருத்தும் வரை அது தொடரும் வேலை. இடதுசாரி இயக்கங்கள் இதைத் தம் மைய வேலைகளில் ஒன்றாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

தோற்றக் கதையும் கல்வெட்டும்

தொண்டை மண்டலத்துக்கு ஒரு தோற்றக் கதை உண்டு. ஒருகாலத்தில் இந்த நாடு குறும்பர் வாழ்ந்த காடாக இருந்தது. இருபத்து நான்கு கோட்டங்கள் அமைத்து அவர்கள் ஆண்டார்கள். புழல் அவர்களுடைய முதன்மையான கோட்டை. சோழ இளவரசனான ஆதொண்டை படையெடுத்து வந்து அவர்களை வென்றான். காட்டை அழித்து, வேளாளரைக் கொண்டுவந்து குடியேற்றினான். காலின் மெக்கன்சி 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் திரட்டிய சுவடிகளிலும் இந்தக் கதை இருக்கிறது. இது வரலாற்றுச் செய்தியா, பின்னால் கட்டப்பட்ட மரபா என்று அறிஞர்கள் விவாதிக்கலாம். கதையில் வரும் குறும்பரையும் இன்றைய எந்த ஒரு சமூகத்தையும் நேர்கோட்டில் இணைப்பதற்கும் சான்று போதாது. ஆனால் கதை ஒன்றை ஒளிக்காமல் ஒப்புக்கொள்கிறது: இந்நிலத்தின் உடைமை, ஏற்கெனவே இருந்தவர்களைத் தோற்கடித்துத் தொடங்கியது.

அடுத்த ஏடு கல்லில் இருக்கிறது. வாலாஜாபாத்துக்குத் தெற்கே, பாலாற்றைத் தாண்டினால் உத்திரமேரூர். வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தகன் காலத்து இரு கல்வெட்டுகள், கி.பி. 919, 921 ஆண்டுகளைச் சேர்ந்தவை, குடவோலை முறையை விரிவாகச் சொல்கின்றன. முப்பது குடும்புகள், சம்வத்சர வாரியத்துக்குப் பன்னிருவர், தோட்ட வாரியத்துக்குப் பன்னிருவர், ஏரி வாரியத்துக்கு அறுவர். கணக்குக் காட்டாதவர்கள் மீண்டும் நிற்க முடியாது என்பது முதல் ஓலையை எடுக்க அறியாச் சிறுவனை அழைக்க வேண்டும் என்பது வரை எல்லாம் எழுதப்பட்டிருக்கிறது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இத்தனை நுணுக்கமாக ஊராட்சி விதிகளை வகுத்தவர்களின் திறமையை மதிக்கத்தான் வேண்டும். 2020 டிசம்பர் 10 அன்று புதிய நாடாளுமன்றக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டிய விழாவிலும் பிரதமர் இந்தக் கல்வெட்டைக் குறிப்பிட்டார்.

அதே கல்வெட்டில் தகுதிப் பட்டியலையும் படிக்க வேண்டும். கால் வேலிக்கு மேல் வரி செலுத்தும் நிலம் வேண்டும். சொந்த மனையில் கட்டிய வீடு வேண்டும். வேதம் கற்றிருக்க வேண்டும். வேதப் புலமை கூடுதலாக இருந்தால் நிலம் அரைக்கால் வேலி போதும். உத்திரமேரூர் ஒரு சதுர்வேதிமங்கலம், பிராமணர்களுக்கு அளிக்கப்பட்ட பிரமதேயம். நிலமும் மனையும் உள்ளவர்கள் தங்களுக்குள் நடத்திய ஆட்சி அது. ஏரி வாரியத்தார் பராமரித்த வைரமேக தடாகத்தில் மண் வெட்டியவர்களும் சேறு சுமந்தவர்களும் எலியையும் பாம்பையும் பிடித்து வயலைக் காத்தவர்களும் குடத்தில் ஓலை போட்டிருக்க முடியாது. நில உடைமையும் குடிமை உரிமையும் ஒரே முடிச்சாக இருந்தன. ஏரிக்கரை அம்மாவின் பிளாஸ்டிக் கவரில் அந்த முடிச்சு இன்னும் அவிழாமல் கிடக்கிறது.

கம்பெனியின் ஏடுகள்

வாலாஜாபாத் என்ற பெயரே ஆர்க்காடு நவாப் முகமது அலி வாலாஜாவிடமிருந்து வந்தது. அந்த நவாப் 1763இல் செங்கல்பட்டுப் பகுதியைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஜாகீராகக் கொடுத்தார். தென்னிந்தியாவில் கம்பெனியின் கைக்கு முதலில் வந்த பெரும் வேளாண் நிலப்பரப்புகளில் இது ஒன்று. வாலாஜாபாத் அப்போது நெசவுக்கும் ராணுவ முகாமுக்கும் பெயர் பெற்ற ஊர். தாமஸ் பர்னார்ட் என்பவர் 1767 முதல் 1774 வரை ஜாகீரின் ஊர்களை அளந்து கணக்கெடுத்தார். 1794 முதல் 1798 வரை கலெக்டராக இருந்த லயனல் பிளேஸ் ஏரிகளைச் சீரமைத்தார், வருவாயை உயர்த்தினார், பரம்பரை நிலவுரிமை கொண்ட மிராசுதாரர்களுடன் மோதினார். நிலம் யாருடையது, யாரிடம் வரி கேட்பது என்று கம்பெனி கேட்ட கேள்விக்கு இந்தப் பகுதிதான் சோதனைக் களம்.

அந்தக் கேள்விக்கு எஃப்.டபிள்யூ. எல்லிஸ் பதில் எழுதினார். திராவிட மொழிக்குடும்பக் கருத்தை முதலில் முன்வைத்தவர் என்று தமிழர்கள் நன்றியோடு நினைக்கும் அதே எல்லிஸ். மிராசு உரிமை பற்றி அவர் எழுதி 1818இல் வெளியான அறிக்கை, ஆதொண்டையின் குடியேற்றக் கதையை மிராசுதாரர் உரிமையின் வேராகக் கொண்டது. குறும்பரை வென்று வேளாளரைக் குடியமர்த்தினான் என்ற பழங்கதை இப்படி வருவாய்த் துறையின் சான்றாக ஏறியது. வென்றவர்களின் வாரிசுகளுக்கு நிலத்தில் பிறப்புரிமை என்று ஆகிவிட்டால், தோற்றவர்களுக்கு ஏட்டில் என்ன இடம் இருக்கும்? காலனிய ஆட்சி வெறுமையான ஓர் இடத்தில் ஆதிக்கத்தைப் புதிதாகக் கட்டவில்லை. இங்கே ஏற்கெனவே இருந்த சாதிப் படிநிலையை எடுத்து, அதற்குச் சட்டத்தின் பலத்தைக் கொடுத்தது. காலனியத்தை மட்டும் சாடிவிட்டு உள்ளூர் ஆதிக்கத்தை விட்டுவிடும் தேசியவாதமும், சாதியை மட்டும் பேசிவிட்டுப் பேரரசின் சுரண்டலை விட்டுவிடும் அரசியலும் இந்த இடத்தில் தடுமாறுகின்றன.

மிராசு ஏட்டுக்குள் படியாட்களாகவே எழுதப்பட்டவர்கள் பறையர் சமூகத்தார். அவர்களுடைய போராட்டம் இந்த மாவட்டத்தின் வரலாற்றையே மாற்றியது. மதுராந்தகம் அருகே கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் 1893இல் ‘பறையன்’ இதழைத் தொடங்கினார். அதற்குச் சற்று முன்பு செங்கல்பட்டுக் கலெக்டர் பொறுப்பில் இருந்த டிரெமென்ஹீர் இம்மக்களின் நிலை பற்றி எழுதிய குறிப்பு, 1892இல் அவர்களுக்கு நிலம் ஒதுக்கும் அரசாணைக்கு வழி செய்தது. அதுவே பஞ்சமி நிலம். அயோத்திதாசர் இவர்களை இந்நாட்டின் ஆதிக்குடிகள் என்று நிறுவ வாழ்நாளெல்லாம் எழுதினார். எம்.சி. ராஜாவின் முயற்சியால் 1922இல் ‘ஆதி திராவிடர்’ என்ற பெயர் அரசு வழக்கில் ஏறியது. தமிழ்நாட்டில் ‘ஆதி’ என்ற சொல் அரசியல் கோரிக்கையாக ஒலித்தது மலைகளில் இல்லை, சேரிகளிலும் அச்சுக்கூடங்களிலும்தான். தொல்குடி உரிமை என்ற சிந்தனைக்குத் தமிழில் ஒரு நூற்றாண்டுக்கு மேற்பட்ட மரபு இருக்கிறது. இருளர் சிக்கலைப் பேசுகிறவர்கள் அந்த மரபிலிருந்து தொடங்கலாம்.

ஆனால் பஞ்சமி நிலத்தின் பயனும் இருளரை எட்டவில்லை. அவர்கள் படியாள் என்றுகூட எழுதப்படாதவர்கள். ஊரோடு சேராமல் காட்டோரம் இருந்தார்கள், பருவத்துக்கு ஏற்ப நகர்ந்தார்கள். 1909இல் எட்கர் தர்ஸ்டன் தொகுத்த சாதிகள், பழங்குடிகள் பற்றிய நூல் வரிசையில் அவர்கள் இடம்பெற்றார்கள். அவர்களுடைய உடலையும் வழக்கங்களையும் அளந்து எழுதிய அரசு, அவர்களுக்கு ஒரு சென்ட் நிலத்தை அளந்து எழுதவில்லை.

விறகு எப்போது திருட்டானது

1842இல் இருபத்து நான்கு வயது கார்ல் மார்க்ஸ், ரைன்லாந்துச் சட்டமன்றம் நிறைவேற்ற முனைந்த விறகுத் திருட்டுச் சட்டம் பற்றிப் பத்திரிகையில் தொடர் கட்டுரைகள் எழுதினார். காட்டில் விழுந்து கிடக்கும் சுள்ளியைப் பொறுக்குவது ஏழைகளின் வழக்காற்று உரிமை. அதைத் திருட்டென்று சொன்னால், சட்டம் காட்டு உடைமையாளரின் காவலாளாக ஆகிவிடும் என்று அவர் வாதிட்டார். பொருளாதாரத்தின் பக்கம் தன்னை முதலில் திருப்பியது இந்த விவகாரம்தான் என்று பின்னாளில் அவரே பதிவு செய்தார். மார்க்சியத்தின் தொடக்கப் புள்ளிகளில் ஒன்று ஒரு விறகுக் கட்டு.

நாற்பது ஆண்டுகள் கழித்து அதே விறகுக் கட்டு சென்னை மாகாணத்தில் குற்றமானது. 1882ஆம் ஆண்டு மதராஸ் வனச் சட்டம் காடுகளைக் காப்புக் காடுகளாக அறிவித்தது. காஞ்சிபுரம், செங்கல்பட்டுப் பகுதியின் புதர்க் காடுகளும் குன்றுகளும் அந்த வேலிக்குள் போயின. தேன், கிழங்கு, மூலிகை, உடும்பு, விறகு எல்லாமே சர்க்கார் சொத்து. அதே சட்டமும் காட்டு வரியும் சாலை போடக் கட்டாய உழைப்பும்தான் மாகாணத்தின் வடகோடியில் 1922 முதல் 1924 வரை அல்லூரி சீதாராம ராஜு தலைமையில் ரம்பா மலைக் கிளர்ச்சியை மூட்டின. அங்கே மலையும் மக்கள் திரளும் இருந்தன. காவல் நிலையங்களைத் தாக்கி ஆயுதங்களைக் கைப்பற்றினார்கள். சமவெளி இருளர் சிறுசிறு கூட்டமாகச் சிதறிக் கிடந்தவர்கள். அவர்களுடைய எதிர்ப்பு இடம்பெயர்வதும் ஒளிவதும் கொடுமை பொறுக்காதபோது இரவோடு இரவாக ஓடுவதுமாக இருந்தது. ஆவணங்களில் அது கிளர்ச்சி என்று பதிவாகாது. ஓட்டத்தையும் எதிர்ப்பாகப் படிக்கத் தெரிந்தால்தான் இவர்களுடைய காலனிய எதிர்ப்பு வரலாறு கண்ணில் படும்.

வனச் சட்டம் தொழிலைக் குற்றமாக்கியது என்றால், குற்றப் பரம்பரைச் சட்டம் பிறப்பையே குற்றமாக்கியது. வட இந்தியாவில் 1871இல் வந்த அந்தச் சட்டம் 1911இல் சென்னை மாகாணத்துக்கு விரிவுபடுத்தப்பட்டது. கைரேகை, அன்றாட வருகைப் பதிவு, ஊரை விட்டுப் போக அனுமதிச் சீட்டு. 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் ரேகை வைக்க மறுத்த பிரமலைக் கள்ளர்கள் மீது போலீஸ் சுட்டது. மாயாக்காள் என்ற பெண் உட்படப் பலர் மாண்டார்கள். ஜார்ஜ் ஜோசப், முத்துராமலிங்கத் தேவர், பொதுவுடைமை இயக்கத்தின் பி. ராமமூர்த்தி போன்றோர் இச்சட்டத்தை எதிர்த்துப் போராடினார்கள். சென்னை மாகாணத்தில் 1947இல் சட்டம் நீங்கியது. நாடு முழுவதும் 1952 ஆகஸ்ட் 31 அன்று நீங்கியது.

சட்டம் போனது, பழக்கம் போகவில்லை. எங்கேயாவது ஒரு திருட்டு நடந்தால், காவல் வண்டி முதலில் போய் நிற்பது இருளர் கொட்டாயில், குறவர் குடியிருப்பில். 1993இல் விருத்தாசலம் அருகே முதனையைச் சேர்ந்த ராஜாக்கண்ணு காவல் சித்திரவதையில் கொல்லப்பட்டார். அவருடைய மனைவி நடத்திய நீண்ட வழக்கே 2021இல் வெளிவந்த ‘ஜெய் பீம்’ படத்துக்கு அடிப்படை. படத்தில் அவர் இருளர். உண்மையில் அவர் குறவர். அந்த மாற்றம் பற்றிய விமர்சனத்தில் நியாயம் உண்டு. ஆயினும் இரு சமூகங்களின் பட்டறிவும் ஒன்றையொன்று எவ்வளவு ஒத்திருக்கிறது என்பதையும் அது காட்டிவிட்டது.

முன்பணம் என்னும் சங்கிலி

காடு மூடப்பட்ட பிறகு இருளருக்கு மிஞ்சியது பாம்பும் எலியும் கூலியும். பாம்புத் தோலுக்குச் சென்னைத் தோல் வணிகர்களிடம் ஒரு காலத்தில் நல்ல கிராக்கி இருந்தது. 1972இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் அடுத்து வந்த ஏற்றுமதித் தடையும் அந்த வழியை அடைத்தன. அப்போது வந்த மாற்று ஏற்பாடுகளில் ஒன்று பேசத் தகுந்தது. 1978இல் பாம்பியல் அறிஞர் ரோமுலஸ் விட்டேகரின் முயற்சியோடு வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற் கூட்டுறவுச் சங்கம் உருவானது. நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்கையும் பிடித்து, மண்பானையில் வைத்துத் துணியால் வாய் கட்டி, சில வாரங்களில் சில முறை நஞ்செடுத்துவிட்டுக் காட்டிலேயே திரும்ப விடுகிறார்கள். பாம்புக்கடிக்கு நாடெங்கும் போடப்படும் ஊசி மருந்தின் தொடக்கம் அந்தப் பானைகளில் இருக்கிறது. 2017இல் மலைப்பாம்பு பிடிக்க ஃபுளோரிடாவுக்கு அழைக்கப்பட்ட வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023இல் பத்மஸ்ரீ கிடைத்தது. இருளரின் அறிவை அவர்களே கூட்டுறவாக நின்று விற்க முடியும் என்பதற்கு இது சான்று. ஆனால் அந்தச் சங்கத்தின் உறுப்பினர்கள் சில நூறு பேர்தான்.

மற்றவர்கள் செங்கல் சூளைக்கும் அரிசி ஆலைக்கும் மரம் வெட்டவும் போனார்கள். போகும்போது ‘அட்வான்ஸ்’ வாங்கினார்கள். கல்யாணம், சாவு, மருத்துவம் என்று ஏதோ ஒரு செலவுக்காக வாங்கும் சில ஆயிரம் ரூபாய்தான் கதவைச் சாத்தும் தாழ்ப்பாள். ஒருவர் வாங்கிய பணத்துக்குக் குடும்பமே உழைக்கும். கணக்கு முதலாளியின் நோட்டில் இருக்கும். கூலியில் கழிந்தது எவ்வளவு, மீதி எவ்வளவு என்று வேலை செய்கிறவருக்குத் தெரியாது. பிள்ளைகள் பள்ளிக்குப் போக முடியாது. தாய் இறந்தாலும் யாராவது ஒருவரைப் பிணையாக விட்டுவிட்டுத்தான் ஊருக்குப் போக முடியும். கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976இலேயே வந்துவிட்டது.

2019 ஜூலையில் காஞ்சிபுரம், வேலூர் மாவட்டங்களில் மரம் வெட்டும் இடங்களிலிருந்து 42 பேர் மீட்கப்பட்டார்கள். அவர்களில் குழந்தைகளும் இருந்தார்கள். மீட்க வந்த அதிகாரியின் காலில் ஒரு முதியவர் விழுந்து கிடக்கும் படம் நாளிதழ்களில் வந்தது. அந்தப் படத்தை என்னால் மறக்க முடியவில்லை. சட்டப்படி அவருக்கு உரியதைச் செய்ய வந்த ஓர் அரசு ஊழியரை அவர் தெய்வமாகக் கண்டார். அரசு என்பது இத்தனை ஆண்டுகளாக அவருக்கு எவ்வளவு தொலைவில் இருந்திருக்கிறது என்பதற்கு வேறு விளக்கம் வேண்டியதில்லை.

மீட்டபின் கிடைப்பது விடுதலைச் சான்று. அதைக் கொண்டு உடனடி உதவி கிடைக்கும். 2016இல் 20,000 ரூபாயாக இருந்தது பிறகு 30,000 ஆனது. ஒரு லட்சம் முதல் மூன்று லட்சம் வரையான முழு மறுவாழ்வுத் தொகையோ முதலாளி தண்டிக்கப்படுவதோடு இணைக்கப்பட்டிருக்கிறது. வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுக்கும். சாட்சி சொல்ல வேண்டியவர் அதற்குள் வேறொரு சூளையில் அட்வான்ஸ் வாங்கியிருப்பார். நிலமும் வீடும் இல்லாத விடுதலை, ஒரு முதலாளியிடமிருந்து இன்னொரு முதலாளியிடம் போவதற்கான இடைவெளியாகச் சுருங்கிவிடுகிறது.

போராட்டங்கள் சொல்லித் தந்தவை

இடதுசாரி இயக்கம் பழங்குடிகளிடம் போன இடங்களில் என்ன நடந்தது? 1945இல் மகாராஷ்டிரத்தின் தானே மாவட்டத்தில் கோதாவரி பருலேகரும் சியாம்ராவ் பருலேகரும் வார்லி மக்களிடையே கிசான் சபாவைக் கட்டினார்கள். கல்யாணக் கடனுக்குப் பிணையாக மணமக்களே அடிமையாகும் வழக்கமும் கூலியில்லா வெட்டி வேலையும் அந்த மக்களின் ஒன்றுபட்ட மறுப்பால் நொறுங்கின. வெளியிலிருந்து வந்தவர்கள் விடுதலை வாங்கித் தரவில்லை. நாளைக் காலை யாரும் வெட்டி வேலைக்குப் போவதில்லை என்று ஊரே எடுத்த முடிவுதான் அதைச் சாதித்தது.

தமிழ்நாட்டில் வாச்சாத்தி. 1992 ஜூன் 20 அன்று சந்தன மரம் தேடுவதாகச் சொல்லி வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் அந்த மலையாளிப் பழங்குடி ஊரைச் சூறையாடினார்கள். பதினெட்டுப் பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். தமிழ்நாடு மலைவாழ் மக்கள் சங்கமும் மார்க்சிஸ்ட் கட்சியும் வழக்கைக் கையிலெடுத்தன. கட்சியின் அன்றைய மாநிலச் செயலாளர் ஏ. நல்லசிவன் நீதிமன்றம் சென்றார். குற்றம் சாட்டப்பட்டவர்கள் 269 பேர். தீர்ப்பு வருவதற்குள் 54 பேர் இறந்துவிட்டார்கள். 2011 செப்டம்பர் 29 அன்று எஞ்சிய 215 பேரும் தண்டிக்கப்பட்டார்கள். 2023 செப்டம்பர் 29 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. முப்பத்தோரு ஆண்டுகள் அந்தப் பெண்கள் பின்வாங்கவில்லை, அமைப்பும் அவர்களைக் கைவிடவில்லை.

இருளரிடையே திண்டிவனத்தை மையமாகக் கொண்டு பேராசிரியர் பிரபா கல்விமணி உள்ளிட்டோர் 1990களில் கட்டிய பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கம் காவல் வன்முறைக்கும் கொத்தடிமைத்தனத்துக்கும் எதிராக நின்றது. சாதிச் சான்றுக்காக இடைவிடாமல் போராடியது. பஞ்சமி நில மீட்புக்கான போராட்டத்தில் 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் துப்பாக்கிச் சூட்டுக்கு ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் பலியானார்கள். இந்த வட்டாரத்தில் நிலம் கேட்பதற்கு ரத்தம் விலையாகியிருக்கிறது.

இவற்றை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் ஓர் இடைவெளி தெரிகிறது. கீழத் தஞ்சையில் பி. சீனிவாச ராவ் தொடங்கிய விவசாயத் தொழிலாளர் இயக்கம் கூலியையும் குத்தகையையும் பிடித்துக்கொண்டு வளர்ந்தது. அங்கே மக்கள் ஒரே சேரியில், ஒரே பண்ணையில் இருந்தார்கள். தொண்டை நாட்டு இருளர் ஊருக்குப் பத்துக் குடும்பம், இருபது குடும்பம் என்று சிதறியவர்கள். ஆறு மாதம் இங்கே, ஆறு மாதம் சூளையில். நிலையான ஊரையும் நிலையான பண்ணையையும் நம்பிய சங்க வடிவம் அவர்களுக்குப் பொருந்தவில்லை. வாக்குக் கணக்கிலும் அவர்கள் சிறுபான்மை. அதனால் இடதுசாரிகள் உட்பட எல்லோருமே அவர்களை நிவாரணத்துக்கு உரியவர்களாகப் பார்க்கப் பழகினோம். அரசியல் செய்கிறவர்களாகப் பார்க்கத் தவறினோம்.

சான்றா, நிலமா

இங்கேதான் கோட்பாட்டு விவாதம் முக்கியமாகிறது. பெருவின் மார்க்சியர் ஹொசே கார்லோஸ் மரியாத்தெகி 1928இல் வெளியிட்ட ஏழு கட்டுரைகளில், அந்நாட்டுத் தொல்குடிகளின் சிக்கல் கல்வியிலோ ஒழுக்கத்திலோ இனத்திலோ இல்லை, நிலவுடைமையில் இருக்கிறது என்று வாதிட்டார். கனடாவின் டெனே தொல்குடிச் சிந்தனையாளர் கிளென் கூல்தார்ட் 2014இல் எழுதிய நூல் இன்னொரு எச்சரிக்கையைத் தருகிறது: அரசு பண்பாட்டை அங்கீகரித்துக்கொண்டே நிலத்தைக் கைப்பற்றுவதைத் தொடர முடியும், அங்கீகாரத்தையே இலக்காகக் கொண்ட இயக்கம் கடைசியில் அரசு வரைந்த கட்டத்துக்குள் போய் உட்கார்ந்துவிடும்.

நம் நாட்டில் இது கண்கூடு. தொல்குடிகள் பற்றிய சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 107ஆம் உடன்படிக்கையை 1958இல் ஏற்ற இந்தியா, அதைவிட வலுவான 1989இன் 169ஆம் உடன்படிக்கையை ஏற்கவில்லை. 2007இல் ஐ.நா. தொல்குடி உரிமைப் பிரகடனத்துக்கு ஆதரவாக வாக்களித்தது. ஆனால் இந்தியர் எல்லோரும் தொல்குடிகளே என்பது அரசின் நிலைப்பாடு. 2021 முதல் பிர்சா முண்டா பிறந்த நவம்பர் 15 பழங்குடியினர் பெருமை நாள். பிர்சாவின் எழுச்சிக்குப் பின், 1908இல் வந்த சோட்டா நாக்பூர் குத்தகைச் சட்டம் பழங்குடி நிலம் கைமாறுவதைத் தடுத்தது. பெருமை நாளைக் கொண்டாடுகிற நாம், அவர் பெயரால் கிடைத்த நிலப் பாதுகாப்பை எல்லாப் பழங்குடிகளுக்கும் விரிக்கவில்லை. தமிழ்நாட்டில் பழங்குடி நிலத்துக்குக் காப்புத் தரும் அரசியலமைப்பின் ஐந்தாம் அட்டவணைப் பகுதி ஒன்றுகூட இல்லை. 2006 வன உரிமைச் சட்டமோ காட்டில் வாழ்கிறவர்களுக்கானது. காட்டிலிருந்து துரத்தப்பட்டு ஏரிக்கரைக்கு வந்தவர்களுக்கு அது எட்டுவது அரிது.

ஆனாலும் மரியாத்தெகியையும் கூல்தார்ட்டையும் படித்துவிட்டுச் சான்று தேவையில்லை என்று சொல்வது, கவரைக் கையில் வைத்திருக்கும் அந்த அம்மாவின் முன் நிற்காத ஒருவரின் பேச்சு. பழங்குடிச் சான்றை வருவாய்க் கோட்டாட்சியர்தான் தர முடியும். பெற்றோரின் சான்று எங்கே, பள்ளிச் சான்று எங்கே என்று கேட்டால், பள்ளியே பார்க்காத தலைமுறை எங்கே போகும்? எலி பிடிக்கத் தெரியுமா, பாம்பு பிடிக்கத் தெரியுமா என்று விசாரிக்கிறார்கள். படித்துவிட்ட பிள்ளை தன்னை இருளர் என்று நிரூபிக்கத் தாத்தாவின் தொழிலைச் செய்துகாட்ட வேண்டியிருக்கிறது. தர்ஸ்டனின் அளவுகோல் இன்னும் அலுவலக மேசையில் கிடக்கிறது. சான்று இல்லாமல் விடுதி இல்லை, உதவித்தொகை இல்லை, வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் முழுப் பாதுகாப்பும் இல்லை. ஆக, சான்றுக்கான போராட்டம் வாசல். உள்ளே இருக்கும் கூடம் நிலம். வாசலிலேயே நின்றுவிடக் கூடாது என்பதுதான் முக்கியம்.

சான்று, சாதி, கட்சி எதுவும் கேட்காமல் இருளர் தாங்களாகவே ஒன்றுகூடும் ஓர் இடம் உண்டு. மாசி மகத்தன்று மாமல்லபுரம் கடற்கரை. முந்தைய நாள் மாலையே வேனிலும் பேருந்திலும் வந்து இறங்குவார்கள். புடவைகளைக் கட்டி மணலில் குடில் அமைப்பார்கள். விடியற்காலையில் ஈர மணலைக் குவித்துப் படிகள் கட்டி, பூ வைத்து, கன்னியம்மனை அழைப்பார்கள். அலை கால் நனைக்கும் இடத்தில் கல்யாணங்கள் நடக்கும். பெண் பார்ப்பதும் பேசி முடிப்பதும் அங்கேயே. பழைய சண்டைகள் தீரும். வடமாவட்டங்களெங்கும் சிதறிக் கிடப்பவர்கள் ஒரு நாள் ஒரே ஊராகிறார்கள். இவர்களைத் திரட்ட முடியாது என்று சொல்கிறவர்கள் அந்தக் கடற்கரையை ஒருமுறை பார்க்க வேண்டும். சங்கத்தின் வடிவம் பண்ணையிலிருந்து கிடைக்காவிட்டால், அந்த மணலிலிருந்து கிடைக்கும்.

ஏரிக்கரையில் நிற்கும் கேள்வி

நிலம் கொடுங்கள் என்றால் எந்த நிலம்? கொட்டாய்கள் இருப்பது நீர்நிலைப் புறம்போக்கு. 2007ஆம் ஆண்டு ஏரிகள் பாதுகாப்பு, ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டப்படி அங்கே பட்டா தர முடியாது. ஏரியைக் காக்க வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஏரி போனால் முதலில் தவிப்பவர்களும் இருளரே. ஆனால் ஏரிக்குள் சுவர் எழுப்பிய செல்வாக்குள்ளவரும் கரையில் தார்ப்பாய் கட்டியவரும் ஒரே ‘ஆக்கிரமிப்பாளர்’ பட்டியலில் வருவது நீதியாகாது. இவர்களுக்கு அருகிலேயே மனையும் பயிரிடச் சிறு நிலமும் முதலில் கொடுத்துவிட்டுத்தான் கரையைக் காலி செய்யச் சொல்ல வேண்டும். ஊரிலிருந்து பல கிலோமீட்டர் தள்ளி, வேலையும் பள்ளியும் இல்லாத இடத்தில் தொகுப்பு வீடு கட்டித் தள்ளுவது மாற்றாகாது.

நிலம் இல்லை என்ற பதிலும் இப்பகுதியில் எடுபடாது. இதே மாவட்டத்தில் பரந்தூர் விமான நிலையத்துக்கு 5,746 ஏக்கர் கையகப்படுத்த அரசு ஒப்புதல் தந்திருக்கிறது. அதில் 3,774 ஏக்கர் பட்டா நிலம், 1,972 ஏக்கர் அரசு நிலம். ஏரிகளும் அதற்குள் வருகின்றன. ஏகனாபுரம் மக்கள் 2022 முதல் போராடி வருகிறார்கள். அவர்களுடைய போராட்டம் நியாயமானது. பட்டா வைத்திருப்பவர் இழப்பீட்டை மறுத்துப் போராடவாவது முடியும். பட்டா இல்லாமல் அரசு நிலத்தையும் ஏரியையும் நம்பி வாழ்கிறவர் இழப்பவர் கணக்கிலேயே வரமாட்டார். புறம்போக்கு என்று காலனிய ஏடு எழுதிய அந்தச் சொல், யாருமில்லாத இடம் என்ற பொருளில் இன்றும் படிக்கப்படுகிறது. விமான நிலையத்துக்கு ஆயிரக்கணக்கில் ஏக்கர் கண்டுபிடிக்க முடிகிற அரசுக்கு, ஒரு வட்டத்தின் இருளர் குடும்பங்களுக்குத் தலா சில சென்ட் மனையும் அரை ஏக்கர் நிலமும் கண்டுபிடிப்பது கடினமில்லை.

செய்ய வேண்டியவை தெளிவாக இருக்கின்றன. சான்று விசாரணையை அலுவலக வாசலில் நிறுத்தாமல் குடியிருப்புகளுக்கே கொண்டுபோக வேண்டும்; தொழில் சோதனையைக் கைவிட வேண்டும். கொத்தடிமை மறுவாழ்வுத் தொகையைத் தண்டனைத் தீர்ப்பிலிருந்து பிரித்து, விடுதலைச் சான்றோடு நிலத்தையும் இணைக்க வேண்டும். வடநெம்மேலியின் கூட்டுறவு அனுபவத்தை மீன்பிடிப்புக்கும் மூலிகைக்கும் மரம் வெட்டும் வேலைக்கும் விரிக்க வேண்டும். ஏரி மீன் குத்தகையில் கரையில் வாழ்கிறவர்களின் சங்கத்துக்கு முன்னுரிமை வேண்டும். இவற்றுக்கெல்லாம் தலித் இயக்கம், விவசாயத் தொழிலாளர் சங்கம், செங்கல் சூளைத் தொழிலாளர் சங்கம், இருளர் சங்கம் ஆகியவை ஒரே மேடைக்கு வர வேண்டும். பஞ்சமி நிலத்தை மீட்பதும் இருளருக்கு நிலம் பெறுவதும் ஒரே பதிவேட்டின் இரு பக்கங்கள்.

ஒவ்வோர் ஆண்டும் கோடையில் தாலுகா அலுவலகத்தில் ஜமாபந்தி நடக்கிறது. வருவாய் ஆண்டின் முடிவில் ஊர்க் கணக்குகளைத் தணிக்கை செய்ய வெள்ளையர் ஆட்சி வழக்கமாக்கிய ஏற்பாடு. ஊர் ஊராக வி.ஏ.ஓ. கணக்குப் புத்தகங்களைக் கொண்டுவந்து வைப்பார், அதிகாரி கையெழுத்திடுவார், வெளியே மக்கள் மனுவோடு நிற்பார்கள். அந்தக் கூட்டத்தில் இருளர் தனித்தனியாக, ஆளுக்கொரு மனுவோடு, யாரோ எழுதிக் கொடுத்த வாக்கியத்தோடுதான் இதுவரை நின்றிருக்கிறார்கள். மாசி மகத்துக்கு வருவதுபோல் ஜமாபந்திக்கும் எல்லோரும் ஒன்றாக வர வேண்டும். அவர்களோடு நாமும் போய் வரிசையில் நிற்க வேண்டும். சர்வே எண் வாரியாக நிலத்தை அடையாளம் காட்டி, அடங்கல் பதிவேட்டில் பெயரை எழுதும் வரை நகராமல் உட்கார வேண்டும். ஏரிக்கரை என்று எழுதப்பட்ட முகவரிக்கு ஒரு கதவு எண் கிடைக்கும் நாளில், இந்த வட்டாரத்தின் விடுதலைப் போராட்டத்தில் ஒரு பக்கம் முடிந்தது என்று சொல்லலாம்.